புயல் வரும் ஊரில் மண் வீடு: சுவர் வைக்கும் முன் செய்தவை

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. தோப்பில் மண் வீடு கட்டப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "புயல் வந்தா என்ன பண்ணுவே?" என்பதுதான். நியாயமான கேள்வி. பத்தாண்டு இடைவெளியில் இரண்டு புயல்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டிருக்கின்றன. 2008 நவம்பர் கடைசியில் வந்த நிஷாவில் காற்றை விட மழைதான் பெரிய அடி. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா வேறு மாதிரி. மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல் வீசிய காற்று, விடிவதற்குள் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டது.

இந்த இரண்டிலும் வீடுகள் விழுந்த விதம் வேறு வேறு. நிஷாவில் விழுந்த மண் சுவர்கள் பெரும்பாலும் அடியில் ஊறி விழுந்தவை. மேலே கூரை அப்படியே இருக்க, சுவரின் கீழ் முழம் கரைந்து, சுவர் உட்கார்ந்துவிட்டது. கஜாவில் கூரை முதலில் போனது, அல்லது மரம் விழுந்தது. கூரை போன பிறகும் நின்ற மண் சுவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தன. பிறகு பெய்த மழையில் தலை நனைந்துதான் அவை சரிந்தன. மண் வீடு என்றாலே எல்லோரும் சுவரைப் பற்றிப் பேசுகிறார்கள். என் கணக்கில் நடுவில் இருக்கும் சுவர் கடைசிக் கவலை. அடியில் நிற்கும் தண்ணீருக்கும் மேலே இருக்கும் கூரைக்கும் பதில் சொல்லிவிட்டால் மண் தன் பாட்டுக்கு நிற்கும்.

அம்மாவுக்கு இதைப் புரிய வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "மாட்டுக் கொட்டகச் சுவரு எப்படி விழுந்துச்சுன்னு மறந்துட்டியா?" என்று கேட்டார். மறக்கவில்லை. அந்தச் சுவர் தரையோடு தரையாக எழுப்பியது, மாடு கட்டும் பக்கம் எப்போதும் ஈரம். அதே மண்ணில், அதே ஆட்கள் வைத்த அடுப்படிச் சுவர் திண்ணை உயரத்தில் நின்றது. அது விழவே இல்லை. பிறகு மாடி வீடு கட்டும்போது நாங்களேதான் இடித்தோம். இடிக்க இரண்டு ஆட்கள் கடப்பாறையோடு மல்லுக்கட்டியதும் அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் எதிர்ப்பது கொஞ்சம் குறைந்தது.

இடத்தைத் தேர்வு செய்ய ஒரே வழி, ஓர் ஐப்பசி கார்த்திகை முழுக்க அந்த நிலத்தில் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்ப்பது. கோடையில் போய் நின்றால் எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும். தோப்பில் அங்கங்கே மூங்கில் குச்சி ஊன்றி, தண்ணீர் ஏறிய இடத்தில் பெயிண்ட்டால் கோடு போட்டு வைத்தேன். நான் மேடு என்று நம்பிய வடக்கு மூலையில், பக்கத்து வயலின் வடிகால் திரும்பி வந்து நின்றது. யாரும் கண்டுகொள்ளாத தென்மேற்குப் பக்கம், பழைய களம் இருந்த இடம், மழை விட்டதும் காலில் சேறு ஒட்டாமல் இருந்தது. களத்துக்கு முன்னோர் தேர்ந்தெடுத்த இடம் சும்மா இருக்காது.

ஒரு மழைக்காலத்தின் கோடு மட்டும் போதாது. 2008-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊரில் கேட்டு அலைந்தேன். ஆளுக்கு ஓர் உயரம் சொல்வார்கள். நம்பிக்கையான சாட்சி மோட்டார் கொட்டகையின் சிமெண்ட் பூச்சு. அதில் பழைய சேற்றுக் கறை இருந்தது. அங்கிருந்து தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடித்துக் களத்துக்குக் கொண்டுவந்தால், 2008 தண்ணீர் களத்தில் ஓர் அடிக்கு மேல் நின்றிருக்கிறது. அந்த மட்டத்துக்கு மேல் இரண்டரை அடி. ஆக பேஸ்மட்டம், அதாவது சுவருக்குக் கீழே எழுப்பும் கல் மேடை, தரையிலிருந்து நான்கடி வரும். புதுக்கோட்டைப் பக்கமிருந்து வரும் கருங்கல்லில் கட்டுவதாகப் பேசியிருக்கிறேன். பேஸ்மட்டத்தின் தலையில் சுற்றிலும் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட், அதன்மேல் தார் பூச்சு. கீழிருந்து ஈரம் மேலே ஏறாது, கரையானுக்கும் வழி குறையும். வீட்டுக்கு ஆகும் பணத்தில் ஒரு பெரிய பங்கு இந்த நான்கடிக்கே போகிறது. கூடத்தை ஓர் அடி சுருக்கினேனே தவிர இதில் கை வைக்கவில்லை.

பேஸ்மட்டம் எவ்வளவு உயரமானாலும், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் அஸ்திவாரத்து மண் இளகும். அதனால் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன்பே வடிகால் வெட்டிவிட்டோம். வரப்போரம் பழைய வாய்க்கால் ஒன்று தூர்ந்து கிடந்தது. அதைத் தோண்டிக் குட்டையில் கொண்டு சேர்த்தோம். தோண்டிய மண் களத்தை உயர்த்த உதவியது.

அடுத்து மண். எங்கள் பக்கம் செம்மண் இருக்கிறது, ஏரியில் களி இருக்கிறது, கடற்கரையை நோக்கிப் போகப் போக மணலும் உவரும். மேல் மண்ணில் வேரும் மக்கும் இருக்கும், சுவருக்கு ஆகாது. ஓர் அடி ஒன்றரை அடி ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழே எடுக்க வேண்டும். ஒதுக்கியதைத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சோதனைக்கு ஆய்வகம் எல்லாம் பிறகு. ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் உட்காரும், அரைமணி வாக்கில் வண்டல், களி படிய ஒரு நாள் ஆகும். மூன்று அடுக்கையும் ஸ்கேலால் அளந்தால் கிட்டத்தட்ட விகிதம் தெரிந்துவிடும். கையால் வைக்கும் சுவருக்குக் களி 15 முதல் 25 சதவீதம் வரை இருந்தால் நல்லது. அதற்குக் குறைந்தால் பிடிக்காது, கூடினால் காயும்போது வெடிக்கும்.

பாட்டிலோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்தவர், ஊரில் மண் சுவர் வைத்துப் பழகிய பெரியவர். எண்பதைத் தாண்டியவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். பக்கத்துக் குழியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பிறகு கையை வாளியில் முக்கினார். "கழுவுனதும் போயிடுது பாரு தம்பி, இது புடிக்காது." களத்து மண்ணை அதே போல் செய்தபோது விரல் இடுக்கில் செந்நிறம் தங்கியது, தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது. அடுத்து அதை விரல் கனத்துக்கு உருட்டி உள்ளங்கையிலிருந்து கீழே தொங்கவிட்டார். ஒரு சாண் தொங்கிய பிறகு அறுந்தது. "இதுல மூணு சட்டிக்கு ஒரு சட்டி மணல் போடு" என்றார். பாட்டில் கணக்கும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. பாட்டிலை நான் தூக்கிப் போடவில்லை. பெரியப்பா எல்லா ஊருக்கும் வர முடியாதே.

பட்டுக்கோட்டைக்குத் தென்கிழக்கே, கடலை ஒட்டிக் கட்டுகிறவர்கள் உப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மண்ணைத் தெளிந்த நீரில் கரைத்து, மேல்நீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். வெள்ளை படிந்தால் அந்த மண் வேண்டாம். போர் தண்ணீரையும் அப்படியே பாருங்கள். உப்பு இருந்தால் சுவர் பூத்து, பொரிந்து, அடியிலிருந்து மாவாக உதிரும். அதற்கு எந்தப் பூச்சும் மருந்தில்லை.

அப்புறம் மாதிரிச் சுவர். இதைச் செய்யாமல் யாரும் மண் வீட்டில் இறங்க வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். மண்ணை முதல் நாள் ஊற வைத்து, மறுநாள் மணலும் வைக்கோலும் போட்டு மிதித்து, ஒன்றரை அடிக் கனத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு துண்டுச் சுவர் வைத்தோம். ஒரு முழம் வைத்தால் அது இறுகும்வரை அடுத்த முழம் கிடையாது. ஒரு பாதிக்குச் சாணமும் மண்ணும், மறுபாதிக்குச் சுண்ணாம்புப் பூச்சு. தலையில் மட்டும் இரண்டு ஓடு. மழைக்காலம் முழுக்கத் திறந்த வெளியில் விட்டோம். வடகிழக்குப் பார்த்த முகத்தில் சாணப் பூச்சு கார்த்திகைக்குள் கரைந்து வைக்கோல் தெரிந்தது. சுண்ணாம்பு நின்றது. உள்பக்க முகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே வெளியே சுண்ணாம்பு, உள்ளே சாணம் என்று முடிவாயிற்று. சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்கத் தொட்டி இப்போதே கட்டியாகிவிட்டது. சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காயும் வெல்லமும் பூச்சு நேரத்தில் வாங்கினால் போதும்.

மழைக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. காய்ந்த மண் கட்டி ஒன்றைச் சாய்த்து வைத்து, 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 100 மில்லி தண்ணீரை அதே இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மெடிக்கல் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் டியூப் இதற்குச் சரியாக இருக்கும். அரை மணிக்கு மேல் இழுத்து விட வேண்டும். விழும் குழி ஒன்றரை சென்டிமீட்டரைத் தொட்டால் அந்தக் கலவையை வெளிச்சுவருக்கு நம்ப வேண்டாம்.

சிமெண்ட் பூசிவிட்டால் என்ன என்று மேஸ்திரி கேட்டார். மண் ஈரத்தை வாங்கும், விடும். சிமெண்ட் பூச்சு அதற்கு வழி தராது. ஒரு மயிரிழை வெடிப்பு போதும், உள்ளே போன தண்ணீர் வெளியே வரத் தெரியாமல் சுவரை உள்ளுக்குள் ஊறவைக்கும். ஒரு நாள் பூச்சு பலகை பலகையாக விழும்போதுதான் உள்ளே என்ன நடந்தது என்றே தெரியும்.

அதற்காகச் சிமெண்ட்டே தொடக்கூடாது என்பவன் அல்ல நான். அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் கஜா போகாத ஊரில் வீடு கட்டியிருப்பார்கள். பேஸ்மட்டத்துக்கு மேல் முதல் ஒன்றரை அடிக்கு, ஐந்து சதவீதம் சிமெண்ட் கலந்து எந்திரத்தில் அழுத்திய மண் கல் வைக்கப் போகிறேன். ஆரோவில்லில் 1989-லிருந்து இயங்கும் மண் கட்டடக் கழகம் இதைப் பல வருடங்களாகச் சொல்லிக் கொடுக்கிறது. தெறிக்கும் மழை அடிப்பது அந்த உயரத்தில்தான். அதற்கு மேல் கையால் வைக்கும் மண். நான்கு மூலையிலும் வாசல் ஓரங்களிலும் கம்பி போட்ட தூண், சுவர்த் தலையில் மறுபடி ஒரு பெல்ட். கீழ் பெல்ட்டையும் மேல் பெல்ட்டையும் தூண் கம்பி இணைக்கும். மண்ணுக்குள் நேராகக் கம்பியை விட்டால் ஈரத்தில் துருப்பிடிக்கும், அதனால்தான் தூண்.

சுவருக்கு இன்னும் சில கணக்குகள் உண்டு. கனத்தைப் போல் பத்து மடங்கு நீளத்துக்குள் ஒரு குறுக்குச் சுவர் வர வேண்டும். ஒன்றரை அடிச் சுவர் என்றால் பதினைந்து அடி. சுவர் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கதவு ஜன்னல் வேண்டாம். மூலையை ஒட்டி ஜன்னல் கூடவே கூடாது. சரி, இனி கூரை.

காற்று கூரையைக் கீழே அழுத்தி உடைப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். சரிவின் மேல் வேகமாகப் போகும் காற்று கூரையை மேலே இழுக்கிறது. ஜன்னல் ஒன்று உடைந்து காற்று உள்ளே புகுந்தால் அடியிலிருந்தும் தள்ளுகிறது, பெருங்காற்றில் குடை திருப்பிக்கொள்வது போல. இந்தியத் தர நிர்ணயக் காற்று வரைபடத்தில் நம் டெல்டாக் கரையோரத்துக்கு அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. மரத்தோடு சேர்த்து ஓட்டுக் கூரையின் எடை சதுர அடிக்கு ஐந்தாறு கிலோ. எடையை நம்பிக் கூரையை உட்கார வைக்க முடியாது, கட்டித்தான் ஆக வேண்டும்.

எதில் கட்டுவது? பதின்மூன்று அடி அகலக் கூடத்தில், ஒரு பக்கச் சுவரின் ஒவ்வொரு அடி நீளத்துக்கும் சுமார் 90 கிலோ மேல் இழுப்பு வரும். ஒன்பது அடி உயர, ஒன்றரை அடிக் கனச் சுவரின் எடை ஓர் அடி நீளத்துக்கு 600 கிலோவுக்கு மேல். சுவரின் மேல் மூன்றடி எடையைப் பிடித்துக்கொண்டாலே 200 கிலோவுக்கு மேல் கிடைக்கிறது. அதாவது இந்த விஷயத்தில் மண்ணின் கனம் நமக்குத் துணை, பிடிப்புக் கம்பி போதிய ஆழம் இறங்கினால். பெரும்பாலான வீடுகளில் உத்திரம் சுவர்த் தலையில் சும்மா உட்கார்ந்திருக்கும், அல்லது ஓர் ஆணியில் நிற்கும். ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். என் ஏற்பாட்டில் கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டையான கைமரம் ஒவ்வொன்றும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையால் மேல் பெல்ட்டோடு போல்ட் போடப்படும். ஓடு ஓரங்களிலும் முகட்டிலும் கம்பியால் கட்டி, நான்கைந்து அடிக்கு ஒரு சாந்துப் பட்டை.

இரண்டு பக்கச் சரிவு வேண்டாம், நான்கு பக்கமும் சரிவு. முக்கோணச் சுவர் காற்றில் முதலில் சாயும். தவிர, புயலில் காற்று ஒரே திசையில் நிற்காது. கண் கடந்து போகும் ஊரில் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், கொஞ்சம் ஓய்வு, பிறகு அதே வேகத்தில் தெற்கிலிருந்து. முடிந்தது என்று வெளியே வருபவர்கள் மாட்டிக்கொள்வது அந்த ஓய்வில்தான்.

எனக்கு அதிக நாள் தூக்கம் கெடுத்தது இறவாரம். மண் சுவருக்குக் கூரை வெளியே நீள வேண்டும், இரண்டரை மூன்று அடி இருந்தால் சுவர் நனையாது. புயலுக்கோ அதுவே பிடி. ஒன்றரை அடிக்கு மேல் நீட்டினால் காற்று அடியில் புகுந்து தூக்கும். மண் ஒன்று கேட்கிறது, காற்று வேறு கேட்கிறது. கடைசியில் வந்து சேர்ந்த வழி: பெரிய கூரை ஒன்றரை அடியோடு நிற்கும். அதற்குக் கீழே, தனியாக, சுற்றிலும் தாழ்வாரம். தாழ்வாரத்துக்குத் தன் தூண், தன் சட்டம். பெரிய கூரையோடு எந்த இணைப்பும் இல்லை. சாதாரண வருடங்களில் சுவரை மழையிலிருந்து காக்கும். கஜா மாதிரி வந்தால் பிய்த்துக்கொண்டு போகட்டும், பெரிய கூரையை இழுத்துக்கொண்டு போகாது. தாழ்வாரத்தைப் பிறகு கீற்று போட்டுக்கூடச் சரிசெய்துவிடலாம். தச்சருக்கு இது பிடிக்கவில்லை. ஒரே சரிவாக இறக்கினால்தான் அழகு என்கிறார். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாறவில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஓர் அறைக்கு மட்டும் கான்கிரீட் தளம் வைக்கிறேன். குளியலறையும் சாமான் அறையும் சேர்ந்த சிறிய பகுதி. மேலே தண்ணீர் தொட்டி நிற்கும், புயல் இரவில் அம்மா அங்கே படுக்கலாம். கஜாவுக்குப் பிறகு கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் போர் பக்கத்திலேயே ஒரு கை பம்பும் உண்டு.

மரங்களை மறந்துவிடக் கூடாது. மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அதற்கும் வீட்டுக்கும் இடைவெளி வேண்டும். களத்தைச் சுற்றி மீதி இருந்த நெட்டைத் தென்னைகளை வெட்ட மனம் வரவில்லை, ஆனாலும் வெட்டினோம். தென்னையின் வேர் ஆழம் போகாது, மண் ஊறிவிட்டால் சாயும். பனை அப்படி இல்லை. கஜாவுக்கு மறுநாள் தோப்புகள் கிடந்த கிடையில் வரப்புப் பனைகள் நின்றுகொண்டிருந்ததை ஊரே பார்த்தது. எல்லையில் இப்போது பனங்கொட்டை ஊன்றியிருக்கிறோம், அது பேரப்பிள்ளைகள் காலத்துக்கு. வடகிழக்கில் பூவரசும் மூங்கிலும்.

கைமரத்துக்குப் பனை வாரைதான், அதாவது பனையை நீளவாக்கில் பிளந்த கட்டை. வயதான மரமாக, வைரம் ஏறியதாகப் பார்த்து வாங்க வேண்டும். அறுத்த முகத்தில் கறுப்பு நார் நெருக்கமாக இருக்க வேண்டும், நடுவில் மென்மையாக இருக்கும் சோற்றைச் செதுக்கிவிட வேண்டும். வெட்டிய தென்னையை ஜன்னல் சட்டத்துக்குப் பயன்படுத்தலாமா என்று பார்த்தோம். வெளிப்பக்கம் உறுதி, உள்ளே பஞ்சு. தாழ்வாரத்துக்கு மட்டும் ஆகும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டாவில் நிலம் நஞ்சையா புஞ்சையா என்று முதலில் பாருங்கள். ஏரி மண் வேண்டுமென்றால் அனுமதி வாங்கிவிட்டுத்தான் வண்டியை இறக்க வேண்டும். கடனுக்காகப் போன ஒரு வங்கியில் மண் சுவர் என்றதும் கோப்பையே மூடிவிட்டார்கள். ஆகவே கைக்காசு, நகை, கொஞ்சம் உறவு. மண் வீடு மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மண் சும்மா கிடைக்கும், மிதிக்கும் கால்களுக்குக் கூலி உண்டு. நூறு நாள் வேலை, நடவு, அறுவடை எல்லாம் பார்த்துத்தான் ஆட்கள் வருவார்கள்.

அதனால் நாட்காட்டியை அறுவடையை வைத்தே போட்டிருக்கிறோம். தை பிறந்ததும் வானம். சம்பா அறுப்பு முடிந்து ஆட்கள் கிடைக்கும் மாசியில் சுவர். சித்திரையில் கோடை மழை ஒன்றிரண்டு வரும், அதற்குத் தார்ப்பாய் வாங்கியாயிற்று. ஆனிக்குள் ஓடு ஏற வேண்டும், ஆடிக் காற்றுக்கு முன் போல்ட் எல்லாம் இறுக்கியிருக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு ஆவணி, புரட்டாசி. அது இறுகிய பிறகுதான் ஐப்பசி மழை சுவரைத் தொடலாம். எங்காவது ஒரு மாதம் நழுவினால் அவசரப்பட்டுப் பூசப் போவதில்லை. கூரையைப் போட்டு, வெளிச்சுவரைக் கீற்றால் மறைத்துவிட்டு, பூச்சை அடுத்த தைக்குத் தள்ளிவிடுவோம். தச்சரிடமும் மேஸ்திரியிடமும் இதை இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.